கப்பலுக்கு நான் கொண்டுபோன வைன்

முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் தப்புக் கணக்குப் போடமாட்டாள் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் முதல் ஆள் நான்தான். அந்த நம்பிக்கையோடுதான் ஐம்பத்திரண்டாவது வயதில், பெற்ற மகளின் கல்யாணப் பேச்சை நடுக்கடலில் கவிழ்க்கப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் ஆளாளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தர் கதையில் நான் கப்பலில் ஆடினேன். இன்னொருத்தர் கதையில் கடலுக்குள் குதித்தேன். (குதித்தவளை யார் தூக்கினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.) கெட்டுப்போவதுதான் போகிறது, என் பெயர் சரியான விவரத்தோடு கெட்டுப்போகட்டும் என்று நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் அகிலா பெங்களூரில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த கௌதமைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் கோயம்புத்தூர். நல்ல பையன், பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசினான், எனக்கு அதுவே போதுமாயிருந்தது. கொரோனா அடங்கி, கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. பையனின் அப்பா ராஜாமணி ஒரு யோசனை சொன்னார். பெண் பார்க்கிறேன் என்று வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போவதெல்லாம் பழைய பாணி, இரண்டு குடும்பமும் மூன்று நாள் ஒரு கப்பலில் போய்ப் பழகலாம், பிடித்தால் அப்புறம் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார். சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்குகிற கப்பல்.

நான் உடனே சரி என்றேன். என் அண்ணன், பெயர் பாபநாசம், உடனே கூடாது என்றான். கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற அவன்தான் எங்கள் குடும்பத்துக்குச் சட்டம், நீதிமன்றம் எல்லாம்.

"ஏளா, நிச்சயம் ஆகாம அவிய செலவுல எப்படிக் கை நனைப்ப?" என்றான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சம்பந்தம் பேசி, தட்டு மாற்றி முடிகிறவரைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிடமாட்டார்கள். அதற்குப் பெயர்தான் கை நனைப்பது. நனைத்துவிட்டால் பேச்சு பாதி முடிந்த மாதிரி. அப்புறம் பிடிக்கவில்லை என்று எழுந்து வர முடியாது, தின்ற சோறு தொண்டையில் நிற்கும். எங்கள் பெரியம்மா ஒருத்தி இப்படித்தான் அவசரப்பட்டு ஒரு வடையைத் தின்றுவிட்டு, மகளை வேண்டாத இடத்தில் கொடுத்ததாகக் குடும்பத்தில் ஒரு வரலாறு உண்டு.

நான் அண்ணனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். டிக்கெட் எங்கள் மூன்று பேருக்கும் நாங்களே எடுக்கிறோம். டிக்கெட்டுக்குள் சாப்பாடு அடக்கம். ஆகவே கப்பலில் நாங்கள் சாப்பிடுவது எங்கள் சாப்பாடு. அண்ணன், "அப்பஞ் சரி, கப்பல் பொதுவுல்லா" என்று தீர்ப்புச் சொன்னான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ராஜாமணி வாட்ஸாப் குழுவில் அந்த ஒரு வரியைப் போடும் வரைக்கும். "கப்பலில் வைன் நம்ம செலவு. யாரும் பர்ஸைத் திறக்கக் கூடாது."

சாப்பாடுதான் டிக்கெட்டுக்குள் அடக்கம், வைன் அடக்கமில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாங்கி ஊற்றி நாங்கள் குடித்தால் அது கை நனைத்ததா, இல்லையா? கையே படாமல் கிளாஸில் குடித்தால்? அண்ணனிடம் கேட்டேன். "தொண்ட நனைஞ்சா கை நனைஞ்ச மாதிரிதான்" என்றான்.

"நமக்குப் பழக்கமில்லன்னு சொல்லிட்டுப் போயேம்ளா. எதுக்கு வேண்டாத சோலி?" என்றார் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சிக்கலுக்கும் மெயினை அணைத்துவிடலாம் என்பதுதான் அவருடைய வழி.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அகிலா அவர்களிடம், "எங்க அம்மா அப்பா ரொம்ப ஃப்ரீ டைப்" என்று சொல்லி வைத்திருந்தாள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எனக்கு வைன் குடித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆமாம். முப்பது வருடம் சாக்பீஸ் தூளை மட்டுமே விழுங்கியவளுக்கு, கடலைப் பார்த்துக்கொண்டு நீளக் கிளாஸில் ஒரு மடக்கு குடிக்கலாம் என்று ஒரு ஆசை வரக் கூடாதா? வந்தது. எழுதிவிட்டேன்.

ஆக, கேள்வி இதுதான்: கப்பலில் நாங்களே வாங்குவதா, இங்கிருந்து கொண்டுபோவதா? அகிலா கப்பல்காரர்களின் விதிமுறையை அனுப்பினாள். கப்பலில் ஒரு கிளாஸ் வைன் விற்கிற விலைக்கு எங்கள் ஊரில் ஒரு நல்ல சேலை எடுக்கலாம். அதைக்கூட விடுங்கள், நான் வாங்குவதற்குள் ராஜாமணி முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார், அவர் முகம் அப்படி. விதிமுறையின் இன்னொரு இடத்தில், பெரியவர்கள் ஆளுக்கு ஒரு வைன் பாட்டில், சீல் உடைக்காமல், கைப்பையில் வைத்துக் கொண்டுவரலாம் என்று இருந்தது. அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் திறந்தால் திறப்பதற்கு ஒரு கட்டணமாம். (என் பாட்டில், என் வாய், மூடி திறக்க இவர்களுக்கு எதற்குக் காசு? பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்திருப்பேன்!) இருந்தாலும் மூன்று பேர், மூன்று பாட்டில். கொண்டுபோய் நாமே அவர்களுக்கும் ஊற்றினால் பெண் வீட்டுக்குக் கௌரவம். முடிவெடுத்துவிட்டேன்.

வாங்குவது யார்? வீட்டுக்காரர் மதுக்கடை வாசலில் நிற்கமாட்டேன் என்றார். மில்லில் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் சாயங்காலம் அங்கேதான் இருப்பார்களாம். "நீங்க நிக்காட்டா நான் நிக்கேன்" என்று அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

நான் போய் நின்றதும் வரிசையே கலைந்தது. இரண்டு பேர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்கள். ஒருத்தன் மின்கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தான், தொப்பை மட்டும் வெளியே தெரிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பில் போட்டுக்கொண்டிருந்தவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்த இசக்கிமுத்து. எழுந்து நின்றுவிட்டான்.

"டீச்சர்! நீங்களா? என்ன டீச்சர் இங்கன?"

"வைன் இருக்காலே?"

"இங்கன எவன் டீச்சர் வைன் குடிக்கான்? கேக்கவே ஆளு கெடையாது. வேற சரக்குதான் இருக்கு, அத நான் உங்க கையில தர மாட்டேன்."

"ஏன்லே? நான் துட்டுத் தர மாட்டேனா?"

"அதுக்கில்ல டீச்சர். ஒம்பதாப்புல எனக்கு இல்லாத மார்க்கப் போட்டு பாஸாக்கி விட்டிய. அந்த நன்றி இருக்குல்லா."

வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் போட்டிருப்பேன் போல.

வெறுங்கையோடு திரும்பும்போதுதான் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை கண்ணில் பட்டது. கண்ணாடி அலமாரியில் வரிசையாகத் திராட்சாரிஷ்டம். எடுத்துப் பார்த்தேன். கறுப்புத் திராட்சை ரசம் என்று போட்டிருந்தது. புளிக்க வைத்தது என்று போட்டிருந்தது. அதில் தானாகவே உண்டான ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்றும் போட்டிருந்தது. சீல் இருந்தது. அன்றைய உலகம்மாள் டீச்சரின் மூளையில் கரும்பலகையே விரிந்தது. திராட்சையைப் புளிக்க வைத்தால் வைன். இது திராட்சையைப் புளிக்க வைத்தது. எனவே இது வைன். நிரூபிக்கப்பட்டது! (இன்றைக்கும் சொல்கிறேன், அந்த நிரூபணத்தில் எந்த வரியில் தப்பு என்று யாராவது காட்டட்டும்.)

"மூணு பாட்டில் குடுங்க அண்ணாச்சி."

"மூணா? எத்தன நாளாத் தொந்தரவு?"

"தொந்தரவெல்லாம் இல்ல. ஒரு விருந்துக்கு."

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

சென்னைத் துறைமுகத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே வந்திருந்தார்கள். பையனின் அம்மா சுலோச்சனா இளம்பச்சைப் பட்டில் நின்றார். நான் கையோடு கொண்டுபோயிருந்த முந்திரிக்கொத்து டப்பாவைக் கொடுத்தேன், நானே பாசிப்பயறு வறுத்துத் திரித்துச் செய்தது. வாங்கிக்கொண்டு சிரித்தார். ஒன்றை எடுத்து வாயில் போடவில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை. பெரிய இடம், நம் பலகாரம் இறங்காது போல என்று எனக்கு முதல் குத்து அங்கேயே விழுந்தது.

பெட்டிகளைச் சோதிக்கிற இடத்தில் ஓர் அதிகாரி என் பையிலிருந்து மூன்று பாட்டில்களையும் எடுத்து மேசையில் நிறுத்தினார். என்ன இது என்றார். வைன் என்றேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைன் என்று எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் என் நிரூபணத்தைத் தொடங்கினேன். முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கப்பல் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்தார். மலையாளப் பெண். பாட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மே, இது வைன் அல்ல. அரிஷ்டமல்லே! என்டெ அம்மச்சி தினமும் குடிக்கும்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரிக்குப் புரியட்டும் என்று, இந்த மருந்து எது எதற்கு என்று பாட்டிலில் இருந்ததை ஆங்கிலத்தில் உரக்க வாசித்தாள். இருமல், மூச்சிரைப்பு, க்ஷயம், பசியின்மை, உடல் தளர்ச்சி, மலச்சிக்கல். யாராவது இருமினாலே ஊர் அலறிய காலம் அது. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். தள்ளிப் போனவர்களில் இளம்பச்சைப் பட்டும் இருந்தது.

அதிகாரி இரண்டே வழி சொன்னார். மருந்து என்றால் நோயாளி படிவம் நிரப்பிக் கப்பல் மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் வேளாவேளைக்குக் கொடுப்பார்கள். மருந்தில்லை என்றால் அந்த மூலையில் இருக்கிற தொட்டியில் போட்டுவிட வேண்டும்.

"எம்மா, தொட்டியில போட்டுரும்மா. கெஞ்சிக் கேக்கேன்" என்றாள் அகிலா.

போட்டிருக்கலாம். ஆனால் தொட்டியில் போட்டால் வெறுங்கையோடு ஏற வேண்டும், ராஜாமணி ஊற்றுகிற வைனுக்குக் கிளாஸை நீட்ட வேண்டும். மூன்று பாட்டிலும் கப்பலுக்குள் வந்தால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, "மருந்துதான்" என்று சொல்லிவிட்டேன். மூன்று பாட்டில் என்பதால் மூன்று படிவம். எனக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, அகிலாவுக்கு ஒன்று. நோயின் பெயர் என்ன என்று ஒரு கட்டம். "வாயுன்னு போடு" என்றார் வீட்டுக்காரர். நான் கௌரவமாக இருக்கட்டும் என்று 'தளர்ச்சி' என்று எழுதினேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் உண்டா என்று அடுத்த கட்டம். மூன்று பேரும் ஒரே மருந்து சாப்பிடும்போது இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடுமே என்று, மூன்றிலும் 'உண்டு' என்று டிக் அடித்தேன். பொய் எழுத எனக்கு வராது. நிமிர்ந்து பார்த்தால் சுலோச்சனா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஆறு பேரும் உட்கார்ந்தோம். சுலோச்சனா ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க அப்பா எதுலங்க தவறுனாரு?"

"அவுகளுக்கு எண்பத்தாறு. தூக்கத்துல போயிட்டாவ."

"அம்மாங்க?"

"அம்மாவுக்கு மூச்சுதான்." வயசாகி மூச்சு நின்றது என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். நானோ, நம் குடும்பத்தைப் பற்றி எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார் என்று பூரித்துப்போய், சித்தப்பாவின் ஆஸ்துமாவையும் அத்தையின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அகிலா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். புரியவில்லை.

ராஜாமணி சிவப்பு வைன் பாட்டில் ஒன்றை வரவழைத்து, என் கிளாஸை நோக்கிச் சாய்த்தார். நான் கையால் கிளாஸை மூடினேன். "நாங்க எங்களோடத கொண்டாந்திருக்கோம்" என்று பெருமையாகத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். தட்டில் மூன்று பாட்டில், மூன்று அளவு மூடி, ஒரு ஃபிளாஸ்க்.

"உலகம்மாள்! ஆவுடையப்பன்! அகிலா!" என்று பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டாள். பக்கத்து மேசைகளெல்லாம் திரும்பின. ஆளுக்கு இரண்டு மூடி ஊற்றி, அதே அளவு வெந்நீர் கலந்து, குடித்து முடிக்கிறவரை நின்று பார்த்தாள். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள், எங்களுக்கு இரண்டும் ஒரே மேசையில் நடந்தது. நான் கனவு கண்ட நீளக் கிளாஸ் எதிரே காலியாக இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் மீசையைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, வயிறு லேசாத்தான் இருக்கு" என்றார். அந்த மனுஷனை அந்த நிமிஷம் கடலுக்குள் தள்ளியிருப்பேன்.

மறுநாள் காலையில் அகிலா அழுத கண்ணோடு வந்தாள்.

"எம்மா, கௌதம் வீட்டுல நமக்குப் பரம்பரை வியாதி இருக்குன்னு நெனைக்காவ. கல்யாணத்துக்கு முன்னால ஒரு ஃபுல் செக்கப் பண்ணச் சொல்லுதாவளாம். கௌதம் அவங்கம்மாகிட்ட சண்டை போட்டிருக்கான். எனக்கு இந்த இடம் வேணும்மா. இதக் கெடுத்துராத."

மகள் கேட்டது ஒரே ஒரு ஆள். அதை மூன்று பாட்டில் கஷாயத்துக்காக நான் தொலைக்கப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லலாம் என்றால், அது மருந்தில்லை வைன் என்று சொல்ல வேண்டும். பெண்ணின் அம்மா குடிகாரி என்று ஆகும். சொல்லாவிட்டால் பெண்ணின் அம்மா நோயாளி, பெண்ணும் நோயாளி. நோயாளியா, குடிகாரியா? மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை எனக்கு விடை வரவில்லை.

மதியம் மேல்தளத்தில் சாப்பாடு. நல்ல காற்று. நர்ஸ் தன் தட்டோடு வந்து நின்றாள். சுலோச்சனா ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வார்த்த ஒளிக்காமச் சொல்லுங்க. புள்ளைக்கு என்னங்க வியாதி?"

அகிலா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. எழுந்தேன். தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். நர்ஸ், "அம்மே, ரெண்டு மூடி, ரெண்டு மூடி!" என்று கத்துவதற்குள் மூடியைத் திருகி அண்ணாந்து குடிக்க ஆரம்பித்துவிட்டேன். முழுப் பாட்டில். கசப்பும் இனிப்பும் காரமும் புளிப்புமாகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு போனது. காலிப் பாட்டிலை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

"எல்லாரும் உக்காருங்க!" என்றேன், ஐம்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்புக்குப் போடுகிற சத்தத்தில். எங்கள் மேசை மட்டுமல்ல, ஐஸ்கிரீம் எடுக்க எழுந்துபோன யாரோ ஒரு பெரியவரும் நடுவழியில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா பாருங்க. என் மகளுக்கு ஒரு வியாதியும் கெடையாது. எனக்கும் கெடையாது. இந்த மனுசருக்கு வாயு, அது எல்லாருக்கும் உண்டு. இது மருந்தா இருந்தா ஒரு பாட்டில இப்படிக் குடிப்பாளா ஒருத்தி? இது வைன்! வைன்னு நெனச்சு நான்தான் வாங்கியாந்தேன். நிச்சயம் ஆகாம உங்க துட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு கொண்டாந்தேன். என்னைக் குடிகாரின்னு சொல்லணும்னா சொல்லிக்கோங்க. எம் பிள்ளைய நோயாளின்னு சொன்னா நான் கேட்டுட்டு இருக்க மாட்டேன்!"

சுலோச்சனாவின் முகம் சிவந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

"கை நனைக்கறதா?" என்றார் மெதுவாக. அப்புறம் சத்தமாக, "ஏனுங்க, அந்த வழக்கம் உங்க ஊர்ல மட்டுந்தான் இருக்குதுன்னு நெனச்சீங்களா? நீங்க குடுத்த முந்திரிக்கொத்த நான் எதுக்குத் தொடாம வெச்சிருக்கறேன்? நேத்திருந்து அந்த நெய் வாசம் ரூமையே தூக்குது. நாக்கக் கட்டிட்டு உக்காந்திருக்கறேன்!" என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். "எல்லாம் இந்த மனுசனால வந்துது. தட்டு மாத்தாம வைன் நம்ம செலவுன்னு போடாதீங்கன்னு தலப்பாடாச் சொன்னேன். கேட்டாரா?"

ராஜாமணி கப்பலிலிருந்து இறங்க வழி இருக்கிறதா என்பது போலச் சுற்றிலும் பார்த்தார்.

நான் சுலோச்சனாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு நாளாக நாங்கள் ஒரே காரணத்துக்காக ஒருவரை ஒருவர் தப்பாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்! முதலில் சிரித்தது அவரா நானா என்று நினைவில்லை. பாட்டில் வேலை செய்யத் தொடங்கியிருந்தது, எனக்குச் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை.

"அப்ப இதுக்கு ஒரே வழிதானுங்க" என்றார் சுலோச்சனா. "இப்பவே தட்ட மாத்திரலாம்."

தட்டுக்கு எங்கே போவது? நர்ஸின் கையில் இருந்தது. "என்டெ ட்ரே!" என்று அவள் கெஞ்சக் கெஞ்ச வாங்கி, கௌதமை ஓடவிட்டு அறையிலிருந்து முந்திரிக்கொத்து டப்பாவை எடுத்துவரச் சொல்லி, சாப்பாட்டு வரிசையிலிருந்து நான்கு வாழைப்பழமும் ஓர் ஆரஞ்சும் வைத்தோம். வெற்றிலை பாக்குக்குப் பதில் மீதி இரண்டு திராட்சாரிஷ்டம். கிழக்கே பார்த்து நின்றோம். (கப்பல் திரும்பிக்கொண்டிருந்ததால் அது கிழக்குதானா என்பதில் வீட்டுக்காரருக்கு இன்னும் சந்தேகம்.) "பொண்ணு உங்களுக்கு, மாப்பிள்ளை எங்களுக்கு" என்று சொல்லித் தட்டை மாற்றினோம். அகிலா அழுதுகொண்டே சிரித்தாள். எல்லா மேசையிலும் கை தட்டினார்கள். ஐஸ்கிரீம் பெரியவர் எழுந்து வந்து பிள்ளைகளை ஆசீர்வாதம் செய்தார்.

"இனி குடிக்கலாமுங்களா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டு, இரண்டாவது பாட்டிலைத் திறந்து அதை அப்படியே தூக்கிக் குடித்தார் சுலோச்சனா. முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிச் சொட்டுவரை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ராஜாமணியை எழுப்பிப் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டேனாம். எட்டுப் பதினேழில் அவர் திணறினாராம். நாற்காலி மேல் ஏறி நில்லுங்கள் என்றேனாம், ஏறி நின்றாராம். பக்கத்தில் இருந்து, "நல்லா நிக்கட்டும் சம்பந்தி, எறக்காதீங்க" என்று சுலோச்சனா சொன்னாராம். கௌதம் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறான், அழிக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

திராட்சாரிஷ்டம் மலச்சிக்கலுக்கும் நல்லது என்று பாட்டிலில் எழுதியிருந்ததை மறுநாள் காலை எங்கள் இருவர் வயிறும் உறுதிப்படுத்தியது. கப்பல் மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு. நர்ஸ் என் பழைய படிவத்தை எடுத்து வந்து, 'தளர்ச்சி' என்று நான் எழுதியதைக் காட்டி, "இப்போ சரியாயி அம்மே" என்றாள். கடல் பயணத்தின் கடைசி நாளை நான் பார்த்தது அந்த அறையின் வட்ட ஜன்னல் வழியாகத்தான். அதிலும் பாதி நேரம் கழிவறையில் போனது.

ஊருக்கு வந்ததும் அண்ணன் குதித்தான். "தாய்மாமன் நான் உயிரோட இருக்கையில, நடுக்கடல்ல கஷாயத்த வச்சு நிச்சயமாளா?" என்று மூன்று மாதம் பேசவில்லை. கை நனைக்காமல் காப்பாற்றினேனே என்றால் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. தெருவில் ஒருத்தி, "டீச்சர், கப்பல்ல நல்ல காத்தோ?" என்று கேட்டாள். எல்லோருக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கல்யாணம் திருநெல்வேலியில் நடந்தது. பந்தியில் நான் பாயசம் பரிமாறிக்கொண்டு போகிறேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், சுலோச்சனாவின் நாத்தனார், என் முதுகுக்குப் பின்னால் பேசுவதாக நினைத்துக்கொண்டு எனக்குக் கேட்கும்படியே கேட்டார்.

"ஏஞ் சுலோ, பொண்ணோட அம்மா கப்பல்ல குடிச்சுட்டு ஒரே ரகளையாமா? நெசமா?"

பாயசம் ஊற்றிய இலையிலேயே மறுபடியும் ஊற்றினேன். மகள் கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுலோச்சனா இலையில் இருந்து கையை எடுத்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"அரகொறையாக் கேட்டுட்டு வந்திருக்கறீங்க அண்ணி. ரகள பண்ணுனது ரெண்டு பேரு. இன்னொருத்தி நான்தானுங்க."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் அது வழக்கமாகிவிட்டது. யார் எதை உடைத்தாலும், யார் எதில் மாட்டிக்கொண்டாலும், பக்கத்தில் இருக்கிறவர் ஓடிவந்து அந்த வரியைச் சொல்லிவிட்டுக் கூட நின்றாக வேண்டும். போன வாரம் நான் குக்கரை அடிப்பிடிக்க விட்டேன். வீடெல்லாம் புகை. மகளும் மருமகனும் ஓடி வந்து, யார் செய்த வேலை இது என்று கேட்டார்கள். ஈஸிசேரில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் சிரமப்பட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னொருத்தி நான்தானுங்க" என்றார்.